தங்கையன் அண்ணனின் வள்ளத்துக்குப் போட்ட இரண்டு தட்டுகள்

1. வெள்ளைப் பொடி

"தம்பி, நீ போட்ட தட்டுக்கு அடியில மாவு மாதிரி கொட்டுது. வள்ளத்துக்குள்ள தண்ணியும் வருது. வந்து பாரு."

போனில் தங்கையன் அண்ணன் இவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் அப்போது பாறசாலையில் ஓர் அலுமினிய ஃபேப்ரிகேஷன் பட்டறையில் இருந்தேன். ஜன்னல், கதவு, கடைக்குப் பார்ட்டிஷன், எப்போதாவது வண்டி பாடி. நெய்யாறு அணைக்குப் பக்கத்து மலையூரான என் ஊர் அம்பூரியிலிருந்து பஸ் மாறி வரவேண்டும். அப்பா ரப்பர் வெட்டுக்காரர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முழுக்கப் படித்து, டிப்ளமா வரைக்கும் போன முதல் ஆள் நான். பட்டறை முதலாளி மணியண்ணன் என்னை "எஞ்சினியரே" என்றுதான் கூப்பிடுவார். பாதி பாசம், பாதி நக்கல். இன்று வேறு ஊரில், கிரேன் வைத்த பெரிய படகு யார்டில் வேலை பார்க்கிறேன். ஆனாலும் கட்டிங் வீலிலிருந்து கிளம்பும் அந்தச் சூட்டு வாசனையும், பதினொரு மணிக்கு வரும், பால் விடாத கட்டன் சாயாவும் நினைவுக்கு வந்தால் மனசு அங்கேதான் போகிறது. அந்தப் பட்டறையில் நானே மெட்டீரியல் தேர்ந்தெடுத்த முதல் வேலை, தங்கையன் அண்ணனின் வள்ளத்தில், அந்தச் சின்ன மீன்பிடிப் படகில், நின்று வலை வீசப் போட்ட தட்டு.

2. மெட்டீரியல் தேர்வு

அவர் நெய்யாற்றில், பூவார் பக்கம் வீச்சுவலை போடுகிறவர். வள்ளம் பதினான்கு அடி அலுமினியம், செகண்ட் ஹேண்ட். அவருக்கு முழங்கால் முட்டில் ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வள்ளத்தை மினிலாரியில் ஏற்றிப் பட்டறை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார்.

"பாத்தியா மக்கா, முன்னால நிக்க இந்த இத்துணூண்டு எடம். அதுக்குப் பிறகு குறுக்குப் பலகை. எனக்க முட்டு வச்சு அதத் தாண்ட ஒக்காது. முன்தட்ட ரெண்டாவது பலகை வரைக்கும் நீட்டித் தா. சமமா நடந்துபோய் வலை வீசணும். இல்லண்ணா வள்ளத்த வித்துட்டு வீட்டுல இருக்க வேண்டியதாக்கும்."

மணியண்ணனுக்குப் பட்டறையில் கிடந்த ஜிஐ பைப்பை, நாகம் பூசின இரும்புக் குழாயை, தீர்க்க ஆசை. "பைப்புல ஃப்ரேம் அடிச்சு, மேல செக்கர்டு ஷீட் போடு. ஒரு நாள் வேல." அலுமினியத்தோடு ஜிஐ சேர்ந்தால், பூச்சு போனதும் இரும்பு அலுமினியத்தை அரிக்கும் என்று நான் மறுத்தேன். அது எனக்குத் தெரிந்திருந்தது. புடைப்புக் கோடு போட்ட செக்கர்டு தகடு வெயிலில் சுடும் என்று தங்கையன் அண்ணனே மறுத்தார். மரைன் ப்ளைவுட் நல்ல சாமான். ஆனால் வெட்டின விளிம்பை ஒழுங்காக சீல் செய்யாவிட்டால் தண்ணீர் குடித்துக் கனக்கும்.

நான் சொன்னது மருந்து ஏற்றிய ரப்பர் மரம். அணைத் தண்ணீரில் மீன் பிடிக்கிற எங்கள் ஊர்க்காரர்களின் அலுமினிய வள்ளங்களில் அதே பலகை வருஷக்கணக்காகக் கிடக்கிறது. கனமில்லை, காலுக்குக் குளிர்ச்சி. வெளிவேலைக்கு என்று மில்லில் போடும் மருந்தில் பலகை லேசான பச்சை நிறமாகும். நானே போய் முடிச்சு இல்லாத பலகையாகப் பார்த்து எடுத்து வந்தேன். அலுமினிய ஆங்கிளில் ஃப்ரேம், அதன் மேல் பலகை, எல்லாவற்றுக்கும் துருப்பிடிக்காத எஸ்எஸ் போல்ட். தங்கையன் அண்ணன் வெறுங்காலால் தடவிப் பார்த்து, "கட்டில் மாதிரி உண்டும்" என்றார். அன்று பஸ்ஸில் இடம் கிடைத்தும் நான் உட்காரவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

3. கடவில்

சில மாதங்களில் அந்தப் போன் வந்தது; மறுநாளே பூவார் போனேன். வள்ளம் தண்ணீரில் கிடந்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வள்ளம் கட்டிப்போடுகிற ஆற்றுத்துறையான கடவில் தங்கையன் அண்ணனும் அவர் மனைவி லீலா அக்காவும் நின்றார்கள். நான்கு பலகையைக் கழற்றினேன். ஆங்கிள் முழுக்க வெள்ளைப் பொடி. அடியில் வள்ளத்தின் ஷீட்டில் ஊசி குத்தின மாதிரிக் குழிகள். மூன்று இடத்தில் தண்ணீர் ஊறி வந்துகொண்டிருந்தது.

எனக்குப் புரியவில்லை. அணையில் இப்படி ஆனதே இல்லை. ஆற்றில் விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். உப்பு.

"அண்ணே, ஆத்துத் தண்ணி உப்பா இருக்கே?"

"ஆத்து வாயில மணல்திட்டு ஒடைஞ்சு பொழி முறிஞ்சு கெடக்குல்லா. கடல் உள்ள வரத்தான செய்யும்."

லீலா அக்கா சிரித்தார். "மலையில உள்ளவனுக்கு ஆறு கடலுக்குப் போறதுதான் தெரியும். கடல் ஆத்துக்கு வாறது தெரியாது."

அந்தப் பச்சை மருந்தில் இருப்பது செம்பு. நல்ல தண்ணீரில் அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. உப்புத் தண்ணீர் பட்டு ஊறினால், தொட்டுக்கொண்டிருக்கிற, சொட்டு விழுகிற அலுமினியத்தையெல்லாம் தின்னத் தொடங்கும். இது பாடத்தில் படித்ததுதான். ஜிஐ பைப் வேண்டாமென்று மணியண்ணனிடம் இதைத்தானே பேசினேன்! ஆனால் நெய்யாறு எங்கள் ஆறு, எங்கள் மலைத் தண்ணீர்தானே கீழே வருகிறது என்று மனசு ஒரு சந்தேகமும் இல்லாமல் நம்பிவிட்டது. பலகை தேடி மில்லுக்குப் போனவன் கடவுக்குப் போகவில்லை.

மணியண்ணனுக்குப் போன் செய்தேன். "எலே, பழைய வள்ளம், ஷீட்டே கேடுன்னு சொல்லிட்டு வா. அவருக்கு என்ன தெரியும்?" என்றார்.

சொல்லியிருக்கலாம். தங்கையன் அண்ணன் நம்பவும் செய்திருப்பார். வள்ளத்தைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு வீட்டில் இருந்திருப்பார். போனை அணைத்துவிட்டுத் திரும்பினேன்.

"அண்ணே, ஷீட்டு நல்ல ஷீட்டு. நான் எடுத்த பலகைதான் தின்னுட்டுது. இது எனக்க தப்பு."

அவர் சத்தம் போட்டார். "முட்டு போச்சு. இப்ப வள்ளமும் போணுமா? நீ படிச்சவனில்லியா?"

அந்தக் கடைசிக் கேள்வி வருமென்று தெரிந்தேதான் நின்றேன். "வள்ளத்த திரும்ப ஏத்தி அனுப்புங்க. நான் சரியாக்கித் தாறேன்" என்று மட்டும் சொன்னேன்.

4. இரண்டாவது தட்டு

வள்ளம் பட்டறைக்குத் திரும்பி வந்த மறுநாள் காலையில் மணியண்ணன் வந்து, "எஞ்சினியரே, பேட்ச் நான் அடிக்கிறேன். உனக்க ரிவெட்டு கோணலாக்கும்" என்றார்.

குழி விழுந்த இடத்தை வெட்டி, அதே ரக அலுமினியத்தில் பேட்ச் வைத்து, சீலன்ட் போட்டு ரிவெட் அடித்தார். நான் தட்டைச் செய்தேன். இந்தத் தடவை கடல்வேலைக்கு உள்ள அலுமினிய ஷீட், மூன்று மில்லிமீட்டர். ஃப்ரேமும் அதே அலுமினியம். எஸ்எஸ் போல்ட் நேராக அலுமினியத்தில் படாதபடி நைலான் வாஷரும், ஓட்டைக்குள் நைலான் புஷ்ஷும். தண்ணீர் தேங்காமல் ஓட இரண்டு பக்கமும் விரல் அகல இடைவெளி.

மிச்சமிருந்தது காலுக்குச் சூடும் வழுக்கலும். கயிற்றுப் பாய் உப்பைப் பிடித்து வைக்கும். பெயின்ட் உரியும். தங்கையன் அண்ணன் வீட்டு முற்றத்தில் நின்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டாமென்று தள்ளிக்கொண்டிருந்தபோது, லீலா அக்கா தொழுவத்துக்குள் போய் மாட்டுக்கு விரிக்கிற ரப்பர் மேட் ஒன்றை இழுத்து வந்து போட்டார்.

"எங்க பசு இதுல நின்னு இதுவரைக்கும் வழுக்கல்ல. இந்த மனுசனும் நிப்பாரு."

"நான் பசுவா?" என்றார் தங்கையன் அண்ணன்.

"பசு பாலு தரும்."

வலை வீச நிற்கிற இடத்துக்கு மட்டும் அதில் ஒரு துண்டு வெட்டினோம். நான்கு மூலையிலும் ஓட்டை போட்டு நைலான் கயிற்றால் கட்டினோம். தினமும் வேலை முடிந்ததும் அவிழ்த்து, மேட்டையும் தட்டையும் நல்ல தண்ணீரில் கழுவவேண்டும். அதைச் சொன்னபோது அக்கா, "அது எனக்க வேலைன்னு சொல்லீராத" என்றார்.

இன்று யார்டில் யாராவது டிராயிங்கோடு வந்து என்ன சாமான் போடலாம் என்று கேட்டால், நான் முதலில் நீளம், அகலம் கேட்பதில்லை. எந்தத் தண்ணீரில் கிடக்கும், மழைக்கும் வேனலுக்கும் அதே தண்ணீரா, யார் அதில் நிற்பார், செருப்போடா வெறுங்காலோடா என்று கேட்கிறேன். முடிந்தால் ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன். சாமானில் நல்லது கெட்டது என்று தனியாக ஒன்றும் இல்லை. அது போய்ச் சேருகிற இடம்தான் அதை நல்லதாக்கும், கெடுக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னிடம் சொல்ல இருப்பது இவ்வளவுதான்.

வள்ளத்தை இறக்கின அன்று தங்கையன் அண்ணன் ஏறவில்லை. கரையில் நின்று, "மொதல்ல நீ ஏறிக் குதி. உனக்குத்தான் நல்ல காலு உண்டு" என்றார்.

குதித்தேன். ஐந்து தடவை. தட்டு அசையவில்லை. உள்ளே தண்ணீர் இல்லை. அதன் பிறகு அவர் ஏறினார். இரண்டாவது குறுக்குப் பலகையிலிருந்து முன்தட்டின் நுனி வரைக்கும் எதையும் பிடிக்காமல் நடந்தார். மேட்டில் காலை அகற்றி வைத்து, ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு வீசினார். வலை வட்டமாக விழுந்தது. இழுத்தபோது மூன்று கரிமீன்.

"ஒண்ணு தாங்கண்ணே" என்றேன்.

"நீ சம்பளக்காரன். வெலைக்கு வாங்கித் தின்னு" என்று சொல்லிவிட்டு, அடுத்த வீச்சுக்கு வலையைத் தோளில் எடுத்துப் போட்டார்.