வலப்பக்கம் மலை

நான் ஒன்றை முடிவெடுத்தால் எடுத்ததுதான். நாங்கள் கடல் தாண்டி வந்து குடியேறிய மனுரேவாவில் எங்களைத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். என் கணவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

போன வருஷம் அவருக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. அவர் பிழைத்து வந்தால் இருவருமாகக் கிரிவலம் வருகிறோம் என்று அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டேன். பிழைத்து வந்தார். ஆனால் நடக்க மாட்டேன் என்றார். டாக்டரே தாராளமாக நடக்கலாம் என்று சொன்ன பிறகும், வாசல் லெட்டர்பாக்ஸ் வரை போவார், நெஞ்சில் கையை வைத்துப் பார்ப்பார், திரும்பிவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த மனிதர் மிச்ச வாழ்க்கையை அந்த லெட்டர்பாக்ஸுக்குள்ளேயே முடித்துக்கொள்வாரோ என்று பயமாகவும் இருந்தது.

திருவண்ணாமலைக்கு டிக்கெட் போடலாமா என்று கேட்டேன்.

"பிளேனுக்குள்ள நெஞ்சு நொந்தா ஆர் பாக்கிறது? நான் வரேல்லை."

அவர் யாழ்ப்பாணம், நான் வேலூர்ப் பக்கம். இத்தனை வருஷத்தில் அவர் தமிழும் மாறவில்லை, என் பிடிவாதமும் மாறவில்லை. "அப்போ கார்ல போற தூரத்துல ஒரு மலைக்குப் போவோம்" என்றேன்.

தெற்கே தேசியப் பூங்காவில் ருவாபேஹு என்ற மலை இருக்கிறது. இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்கு அந்த மலை மூதாதை. மலையே தெய்வம் என்பதை எங்களுக்குச் சொல்லித் தரவா வேண்டும்? மகள் போனில், "அம்மா, யூ கான்ட் ஜஸ்ட் ஸ்வாப் மவுண்டன்ஸ்!" என்று சிரித்தாள். நாமே ஊர் மாறி வந்தவர்கள், வேண்டுதல் மாறக்கூடாதா என்று கேட்டு போனை வைத்தேன்.

மலையடிவாரத்தில் போய் இறங்கினோம். அருவி வரை போய், வட்டமாகத் திரும்பி வரும் பாதை என்று பலகையில் போட்டிருந்தது. வட்டம் என்றால் வலம்தானே! மலை வலப்பக்கம் இருக்கும்படி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பினேன். பனி மூடிய மலை கூடவே வந்தது. அடிக்கடி நின்றார், நெஞ்சில் கை வைத்தார். நானும் நின்றேன். திரும்ப மட்டும் விடவில்லை.

அருவியடியில் புளியோதரை சாப்பிட்டுவிட்டு மேலே நடந்தால், பாதை வளைந்தது. மலை இடப்பக்கம் வந்து நின்றது. அந்த வட்டம் மலையைச் சுற்றவே இல்லை, புதர்க்காட்டைத்தான் சுற்றுகிறது. அப்பிரதட்சிணம்! ஒரு பாறையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். அழுகையே வந்துவிட்டது.

ஆபரேஷனுக்குப் பிறகு அன்றுதான் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"உமக்கு விசர். இந்த மலையைச் சுத்தி நடக்க நாட்கணக்கா எடுக்கும். எழும்பும், போவம்."

"வேண்டுதல் என்ன ஆகுறது?"

"அதை அங்க போய்ச் சரியாச் சுத்துவம். பொங்கலுக்குப் பிறகு டிக்கெட்டைப் போடும்."

"பிளேன்ல நெஞ்சு வலிச்சா?"

"நீர் பக்கத்திலதானே இருப்பீர்."

சொல்லிவிட்டு முன்னால் நடக்க ஆரம்பித்தார். நெஞ்சிலேயே இருந்த கை இப்போது சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டிருந்தது. மலை இடப்பக்கமே வந்துகொண்டிருந்தது. வரட்டும் என்று பின்னால் நடந்தேன்.