தீ வாளியில் பூத்த பத்துமணிப்பூ

"வேலையை விட்டு நிறுத்தி வெச்ச ஆபீசுக்கு உங்க சித்தி எதுக்குத் தினமும் ஓடுறா?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும்.

சித்திக்குக் கோப்பு அறையில் வேலை. ஒரு கோப்பு காணாமல் போயிற்று. மேலாளர்தான் எடுத்துப்போனார், எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் விசாரணை என்றதும் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் கண் மங்கிவிட்டது. பழி சித்தி தலையில். விசாரணை முடியும்வரை வேலை கிடையாது. ஆனால் தினமும் பத்து மணிக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒருநாள் தவறினாலும் வேலை நிரந்தரமாகப் போய்விடும்.

கையெழுத்துப் புத்தகம் மேலாளர் அறையில். மேலாளர் வருவதோ பதினொன்றரைக்கு.

வராந்தா பெஞ்சில் காத்திருந்தாள் சித்தி. பக்கத்தில், தீப்பிடித்தால் கொட்டுவதற்காக நான்கு சிவப்பு மணல் வாளிகள். எத்தனை நாள்தான் மணலையே பார்ப்பது? வீட்டுத் தொட்டியிலிருந்து பத்துமணிப்பூக் கிளைகளை ஒடித்து வந்து ஊன்றிவிட்டாள். வெயில் ஏறியதும் சொல்லிவைத்தாற்போல் விரிந்தன. அந்த அலுவலகத்தில் நேரத்துக்கு வந்தவை அவை மட்டும்தான்.

"என்னக்கா, ஸ்டாஃப் எல்லாம் வந்தாச்சா?" என்பார் பியூன்.

"ரெண்டு பேர் லீவுண்ணே. நாளைக்குத்தான் பூப்பாங்க."

விசாரணை ஏழாவது முறை தள்ளிப்போன அன்று சித்தி அழவில்லை. வாடிய பூக்களைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். பதினோரு மாதம் அப்படித்தான் ஓடிற்று.

ஒருநாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் திடுதிப்பென்று வந்தார். வாளிகளைப் பார்த்தார். "இது யார் வேலை?"

மூச்சிரைக்க ஓடிவந்த மேலாளர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "என் ஐடியாதான் சார். ஆபீஸ் அழகா இருக்கணும்ல?"

பியூன் சித்தியைப் பார்த்தார். சித்தி குனிந்து ஒரு வாடிய பூவைக் கிள்ளினாள். இத்தனை மாதம் அவள் சொன்னதை யார் கேட்டார்கள்?

"அப்படியா? எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றார் ஆய்வாளர்.

பாராட்டுக் கடிதம் வரப்போகிறதென்று மேலாளர் அழகாக எழுதிக் கொடுத்தார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது. தீயணைப்பு வாளியில் செடி வைத்தது விதிமீறல் என்று அவரையே நிறுத்தி வைத்தார்கள். பொறுப்பேற்க வந்தவர் மேலாளர் அறை அலமாரியைத் திறந்தார். உள்ளே அந்தக் கோப்பு சுகமாகப் படுத்திருந்தது.

சித்தி கோப்பு அறைக்குத் திரும்பினாள். விதிப்படி வாளிகளில் மறுபடி வெறும் மணல். பெஞ்சில் மேலாளர், வாழ்க்கையிலேயே முதல்முறையாகப் பத்து மணிக்கு. பிடுங்கிப் போட்ட கிளைகளை ஓர் உடைந்த மக்கில் நட்டு, சித்தி அவர் பக்கத்தில் வைத்தாள்.

"தண்ணி அளவா ஊத்துங்க சார். அழுகிடும்."

உங்களுக்குத் தெரிந்த யாராவது எங்கேயாவது ஒரு பெஞ்சில் காத்திருந்தால், அவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். போகும்போது ஒரு கிளையும் ஒடித்துக் கொண்டுபோங்கள்.