பாண்டிமீனா போட்ட நாலு வரி

கோரிப்பாளையம் சிக்னலுக்குப் பக்கத்து மாடியில், இணையதளம் செய்து கொடுக்கிற அந்த ஆபீசில் மெஷின் மாறும், ஆள் மாறும். சர்வரின் அமைப்புக் கோப்பில் பாண்டிமீனா எழுதிய நாலு வரி மட்டும் மாறாது. பதினாலு வருஷத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிதில், தளங்களை ஓட்டுகிற பிஎச்பி என்ற நிரல்மொழியின் பாதுகாப்புக்கென்று அவள் போட்டவை. படிவத்தில் எவனாவது விஷமமாக எதையாவது எழுதி அனுப்பினால் அந்த வரிகள் அதன் பல்லைப் பிடுங்கிவிடும். முதலாளி அழகுபாண்டிக்கு அதில் அப்படியொரு பெருமை. புது மெஷின் வந்தால் முதல் வேலையாகப் பழைய கோப்பைத்தான் அதில் வைக்கச் சொல்வார், பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி. பிஎச்பியும் பழசாகவே இருந்ததால் வண்டி ஓடியது.

பாண்டிமீனாவுக்கு ஊர் கொட்டாம்பட்டிப் பக்கம். அப்பா சுருளி அடுத்தவர் வயலில் கூலிக்கு மண்வெட்டி பிடித்து மகளைப் படிக்க வைத்தவர். மற்றவன் தப்பு செய்தால் அது அவனோடு போய்விடும். தான் செய்தால், 'அந்தத் தெருக்காரங்களே இப்படித்தான்' என்று ஆகிவிடும் என்ற பயம் அவளுக்கு உள்ளூர உண்டு. அதனால் ஒன்றுக்கு மூன்று தடவை பார்த்துத்தான் எதையும் தொடுவாள். 'என் தப்பு' என்று அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

இந்த முறை மெஷினோடு பிஎச்பியும் புதுசு. காலை பத்து மணிக்கு ஒரு நர்சிங் கல்லூரியின் விண்ணப்பத் தளம் திறந்தாக வேண்டும். கூட வேலை பார்க்கும் ராம்கி வழக்கம்போலப் பழைய கோப்பைக் கொண்டுவந்து வைத்தான். சர்வர் எழுந்திருக்கவே இல்லை. இந்த அமைப்புகளெல்லாம் இப்போது கிடையாது என்று திரையில் ஒரே பாட்டு. அந்த நாலு வரியையும் எடுத்துவிடலாம் என்றாள் பாண்டிமீனா.

"பாதுகாப்ப எடுக்கவாம்மா சொல்ற?" என்று பதறினார் அழகுபாண்டி.

"எடுத்தாத்தாண்ணே எந்திரிக்கும்."

நாலு வரியையும் அழித்தாள். தளம் வந்துவிட்டது. "பாத்தியா மாப்ள!" என்று ராம்கியின் முதுகில் தட்டினார் அழகுபாண்டி. அவர் கை எடுப்பதற்குள் பாண்டிமீனா தளத்தை மறுபடி மூடினாள்.

"என்னம்மா பண்ற? மணி பத்தாகப் போகுது!"

அந்த வரிகள் காக்கும் என்ற தெம்பில், படிவத்துக்கான நிரலை ஓட்டை ஓட்டையாக எழுதி வைத்திருந்தது அவளேதான். இனி எவன் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து பிள்ளைகளின் ஆதார் எண், போன் நம்பர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகலாம். பேசாமல் திறந்துவிட்டால் இங்கே ஒருவருக்கும் தெரியாது. இரண்டு நாளில் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம். அந்த ஆசை வரத்தான் செய்தது, பொய் சொல்வானேன்?

"என் தப்புண்ணே. அந்த வரிய நம்பி ஓட்டையா எழுதிட்டேன். இப்பத் தொறந்தா பிள்ளைக வெவரம் அம்புட்டும் களவு போயிரும். நாலு மணி வரைக்கும் டயம் குடுங்க."

அழகுபாண்டி கத்தினார். கல்லூரிக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். போனை வைத்துவிட்டு மறுபடியும் கத்தினார். தெருவைப் பற்றி ஒரு வார்த்தை இதோ வரப்போகிறது என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். வரவில்லை. முப்பத்தேழு இடத்தில் நிரலைத் திருத்தி, மூன்றே முக்காலுக்குத் தளத்தைத் திறந்தாள்.

தப்பு செய்தவர் எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும் என்பது அந்த ஆபீஸ் சட்டம். ராம்கி பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"அக்கா, இன்னைக்கு டீ உங்களது. வடையும் உண்டுல்ல?"

பாண்டிமீனாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. எத்தனை டீ சொல்ல வேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"எனக்குச் சீனி கம்மி" என்று உள்ளேயிருந்து அழகுபாண்டியின் குரல் வந்தது, கோபம் இன்னும் ஆறாமலே.