இடது குழாய் பேசவில்லை

அந்த வட்டாரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் அவரைச் சத்தக்காரர் என்றுதான் சொல்வார்கள். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. நாளெல்லாம் சேர்த்துப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். வண்டிகளுக்குப் புகைக்குழாய் வளைத்துப் பொருத்துவது அவர் தொழில். தெருமுனையில் ஒரு வண்டி வரும்போதே, தலையைத் தூக்கிப் பார்க்காமல், "சைலன்சருக்கு முன்னாடி மூட்டுல ஓட்டை" என்பார். வண்டி வந்து நின்றதும் குனிந்து பார்த்தால் ஓட்டை அங்கேதான் இருக்கும். இருபத்தாறு வருடமாக இந்தக் காது அவரைக் கைவிட்டதில்லை.

பட்டறை தகரக் கூரை போட்ட ஒரே நீள அறை. பின்பாதி அவருடையது. நடுவில் வண்டியை நிறுத்தி அடியில் இறங்கிப் பார்க்கும் குழி, ஓரத்தில் குழாய் வளைக்கும் இயந்திரம், சுவரெல்லாம் கொக்கியில் மாட்டிய குழாய்த் துண்டுகள். முன்பாதியில் அவர் மனைவி வண்டி இருக்கைகளுக்கு உறை தைப்பாள். பக்கத்துப் பட்டறையில் அவள் தம்பி எஞ்சின் வேலை பார்க்கிறான். நடுச்சுவரில் ஒரு கதவு. அது சாத்தியிருந்த நாளே கிடையாது.

ஒரு காலை, நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் அக்கா தன் பழைய பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அறுபது வயது. செருப்பில் ஈரமண். வண்டியின் பின்தட்டில் இன்னும் சில செடித்தொட்டிகள் இருந்தன.

"தம்பி, இதுக்கு ரெண்டு குழாய் வச்சுக் குடு."

"எதுக்குக்கா? ஒன்னே நல்லாத்தானே இருக்கு?"

"இருக்கு. எனக்கு ரெண்டு வேணும்."

"ஓட்டுறதுல பெருசா வித்தியாசம் தெரியாதுக்கா."

"வித்தியாசம் தெரியணும்னு நான் கேட்டேனா? இத்தனை வருஷம் செடியை ஏத்தினேன், இறக்கினேன். இந்த வண்டிக்கு ஆசையா ஒன்னும் செஞ்சதில்ல. அன்னைக்கு எனக்கு முன்னாடி ஒரு வண்டி போச்சு, பின்னாடி ரெண்டு பக்கமும் குழாய். பார்க்க அம்சமா இருந்துச்சு. அவ்வளவுதான் காரணம்."

அதற்கு மேல் காரணம் கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

அந்த வண்டியின் எஞ்சினில் ஆறு சிலிண்டர். இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. இரண்டு பக்கத்துப் புகையும் அடியில் ஒரே குழாயில் சேர்ந்து, ஒரே சைலன்சர் வழியாக, வலது ஓரத்தில் வெளியேறிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிச் சைலன்சரோடு தனித்தனிப் பாதை போட வேண்டும். கேட்க எளிது. அடியில் படுத்துப் பார்த்தால்தான் இடமில்லை என்று தெரியும். இடப்பக்கம் பெட்ரோல் டேங்க். நடுவில் சுழலும் நீளத் தண்டு. பின்னால் உபரிச் சக்கரம். சும்மா நிற்கும்போது இடிக்காத குழாய், பாரம் ஏற்றி வண்டி அமுங்கினால் பின் அச்சில் போய் இடிக்கும்.

முதல் நாள் அவர் குழாயையே தொடவில்லை. கெட்டிக் கம்பியை வளைத்து வளைத்துப் பாதை பார்த்தார். டேங்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, அச்சுக்கு மேலே நாலு விரல் இடைவெளி விட்டு வில்லாக ஏறி, மறுபடி இறங்கி. பிறகு கம்பியைப் பார்த்துக் குழாயை வளைத்தார். டேங்குக்கும் குழாய்க்கும் நடுவே சூடு தடுக்கத் தகடு வைத்தார். இரண்டு குழாய்க்கும் நடுவே, அழுத்தம் சமமாக, குறுக்கே ஒரு சின்ன இணைப்புக் குழாய். நான்காம் நாள் மதியம் கடைசி வெல்டிங் முடிந்தது. மச்சானைக் கூப்பிட்டு வண்டியைக் கிளப்பச் சொல்லிவிட்டு, கையைத் துடைத்தபடி பின்னால் போய் நின்றார்.

வலது குழாய் கணீரென்று பேசியது. இடது குழாய் வாயே திறக்கவில்லை.

குனிந்து இடது குழாய் வாயில் உள்ளங்கையை வைத்தார். சூடான காற்று டப் டப்பென்று கையில் அடித்தது. வலதிலும் அதே அடி. கையை நம்புவதா, காதை நம்புவதா? சைலன்சரில்தான் கோளாறு என்று முடிவு செய்து, இடதில் இருந்ததை வலதுக்கும் வலதில் இருந்ததை இடதுக்கும் மாற்றினார். அதற்கே அரைநாள் போனது. கோளாறு சைலன்சரில் என்றால் இப்போது வலது பக்கம் ஊமையாக வேண்டும். ஆகவில்லை. இடதுதான் மறுபடியும் ஊமை.

"மச்சான், உன் எஞ்சின்ல இடப்பக்கம் சரியா வெடிக்கல."

மச்சான் ஒவ்வொரு சிலிண்டராகச் சோதித்துவிட்டு நிமிர்ந்தான். "ஆறும் கடிகாரம் மாதிரி ஓடுது மாமா. சத்தமும் ரெண்டு பக்கமும் ஒன்னாத்தானே வருது?"

"எங்கடா வருது?"

"இதோ, வருதே!"

தன்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறான் என்று அவருக்குத் தோன்றியது. குறுக்கே வைத்த இணைப்பு வழியாக எல்லாச் சத்தமும் வலதுக்கு ஓடிவிடுகிறதோ? அதையும் அறுத்து எடுத்து, அது இருந்த இடத்தில் இரண்டு குழாயிலும் விழுந்த ஓட்டையை அடைத்தார். இனி இடப்பக்கப் புகைக்கு இடது குழாயைத் தவிர வேறு வழியே இல்லை. கிளப்பினார்கள். இடது குழாய் அப்போதும் மௌனம்.

அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்று சிலிண்டர் வெடித்துத் தள்ளும் புகை சத்தமில்லாமல் எப்படி வெளியே வரும்? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. முன்பக்கம் தையல் இயந்திரத்தில் இருந்து மனைவி ஏதோ கேட்டாள். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரிதான்," என்று அவள் தனக்குள் சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தாள்.

மறுநாள் பண்ணைக்கார அக்கா பார்க்க வந்தார். வண்டியைக் கிளப்பிக் காட்டியதும் முகம் மலர்ந்துவிட்டது. "ஆஹா! ரெண்டு பேர் சேர்ந்து பாடுற மாதிரி இருக்கே தம்பி. நான் எடுத்துக்கிட்டுப் போகவா?"

"இல்லக்கா. இடது பக்கம் பாடல."

அக்கா அவரையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்குப் பாடுதே?"

"ரெண்டு நாள் பொறுங்க," என்று கொஞ்சம் வெடுக்கென்றே சொல்லிவிட்டார். அக்கா மச்சானிடம் கண்ணால் கேள்வி கேட்டுவிட்டுப் போனார்.

அக்கா போனதும் சத்தக்காரர், குழிக்குள் இறங்காமல், எஞ்சின் ஓடும்போதே அடியில் மல்லாந்து நகர்ந்துபோனார். தலை எஞ்சின் பக்கம், கால் பின்பக்கம். கையில் டார்ச். இரண்டு குழாய்க்கும் நடுவில் படுத்துக் காது கொடுத்தார். இடது குழாய் முழங்கியது. நெஞ்சு துள்ளியது அவருக்கு. அடுத்த நொடியே கவனித்தார்: இப்போது வலது குழாய் செத்துக் கிடந்தது.

"டேய், அணைடா! கோளாறு பக்கம் மாறிப்போச்சு!"

அடியிலிருந்து வெளியே வந்தவர் தலையில் சிலந்திக்கூடு ஒட்டியிருந்தது. "நான் உள்ள போறதுக்குள்ள இங்கேயிருந்து அங்கே போயிருக்கு. வண்டியில பேய் கீய் புகுந்திருக்கா?"

மச்சானுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். தைத்துக்கொண்டிருந்தவள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். உங்களுக்கு ஆடத் தெரியும். அதான் எனக்கும் ஒன்னும் புரியல," என்றாள். "டேய், மறுபடி கிளப்பு. ஏங்க, நீங்க வண்டிக்கு முதுகைக் காட்டி நில்லுங்க."

"எதுக்கு?"

"நில்லுங்களேன்."

வண்டியின் பின்னால், தெருவைப் பார்த்து நின்றார். இப்போது இடது குழாய்தான் கேட்டது. வலது இல்லை. திரும்பி வண்டியைப் பார்த்தார். வலது கேட்டது, இடது இல்லை. மறுபடி திரும்பினார். ஒரு பெரிய மனிதர் பட்டறை நடுவில் பம்பரம் மாதிரிச் சுற்றுவதை மச்சான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் அருகில் வந்து, தன் உள்ளங்கையால் அவருடைய வலது காதை இறுக்கிப் பொத்தினாள்.

"ஏன்டா அணைச்சே?" என்று அவர் கத்தினார்.

மச்சான் ஏதோ சொன்னான். உதடு மட்டும் அசைந்தது. குழாய் வாய்கள் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. மெல்லிய புகை வந்துகொண்டிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அவள் கையை எடுத்தாள். சத்தம் திரும்பி வந்தது. பிறகு மச்சான் போய் வண்டியை அணைத்தான்.

"நான் மெஷினை ஜன்னல் வெளிச்சத்துக்காக இந்தப் பக்கம் மாத்தி எட்டு மாசம் ஆச்சு," என்றாள் அவள், மெதுவாக. "நீங்க வேலை செய்யும்போது உங்களுக்கு இடப்பக்கம். அன்னையிலிருந்து நான் கேட்கிற எதுக்கும் பதில் கிடையாது. மெஷினை நகர்த்தினது பிடிக்காம முறைச்சுக்கிட்டிருக்கீங்கன்னு நினைச்சேன்."

"நான் ஏன் முறைக்கப்போறேன்? நீதான் பேச்சைக் குறைச்சுட்டேன்னு நினைச்சேன்."

"நானா? நானா பேச்சைக் குறைப்பேன்?"

"அதானே, எனக்கும் ஆச்சரியமா இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. முந்தானையால் அவர் தலையில் இருந்த சிலந்திக்கூட்டைத் துடைத்துவிட்டாள். சங்குப் பழமொழியை அதன் பிறகு அவள் வாயில் யாரும் கேட்டதில்லை.

காது மருத்துவரிடம் அவளே கூட்டிக்கொண்டு போனாள். சத்தம் புகாத சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் பெரிய கருவியை மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது காதுக்குப் பொத்தானை டக் டக்கென்று அழுத்தினார். இடது காது முறை வந்ததும் தொடங்கிவிட்டார்களா, இன்னும் இல்லையா என்றே தெரியவில்லை. கண்ணாடிக்கு வெளியே இருந்த பெண்ணின் முகத்தைப் பார்த்து உத்தேசமாக இரண்டு தடவை அழுத்தினார்.

"உத்தேசமெல்லாம் வேண்டாங்க," என்றாள் அந்தப் பெண்.

இடது காது பெரும்பகுதி போய்விட்டது என்றார் மருத்துவர். படம் எடுத்துப் பார்த்ததில் பயப்பட ஒன்றுமில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கும், வலது காது ஈடுகட்டியதால் தெரியாமல் இருந்திருக்கும் என்றார். பட்டறைச் சத்தத்தால் என்றால் இரண்டு காதும் அல்லவா போயிருக்க வேண்டும் என்று அவர் கேட்டார். "அதுதான் எனக்கும் உறுதியா சொல்லத் தெரியல," என்றார் மருத்துவர். காதுக்கருவி வைத்தால் ஓரளவு கேட்கும், ஆனால் பழையபடி வராது என்றும் சொன்னார்.

கருவியை விட, வேறொரு கேள்விதான் அவரைக் குடைந்தது. இந்த எட்டு மாதத்தில், அல்லது அதற்கும் முன்பிருந்தே, காதை நம்பி எத்தனை வண்டியை அறுத்திருக்கிறார்? எது உண்மையான ஓட்டை, எது தன் காதின் ஓட்டை? ஒரு தச்சரின் வேனில் வலப்பக்க மூட்டில் கசிவு என்று சொல்லி, நன்றாக இருந்தது போலத் தெரிந்த குழாயை வெட்டி மாற்றியது நினைவுக்கு வந்தது. தச்சர் வீட்டுக்கே போய் விஷயத்தைச் சொன்னார்.

"இப்ப நல்லாத்தானே ஓடுது? விடுங்க," என்றார் தச்சர்.

"அப்ப ஓட்டை இருந்துச்சா, இல்லையா?"

"நீங்க சொன்னீங்க, இருந்துச்சுன்னு."

வெட்டிய பழைய துண்டு எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. இனி அது யாருக்கும் தெரியப்போவதில்லை. வரும் வழியெல்லாம் அவர் அதையே நினைத்தபடி நடந்தார்.

பிக்கப் வண்டியைத் திரும்பக் குழிமேல் ஏற்றினார். அறுத்த இணைப்புக் குழாயைப் பழைய இடத்தில் வைத்து வெல்டிங் செய்தார். இந்தத் தடவை காதைக் கேட்கவில்லை. குழாய்க்குள் காற்றைச் செலுத்தி, ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவி, டார்ச் அடித்துப் பார்த்தார். எங்கும் நுரைக்கவில்லை. பின்தட்டில் மணல் மூட்டைகளை ஏற்றி, அச்சுக்கு மேலே விரல் விட்டு இடைவெளி பார்த்தார். அவர் குழியில் இருந்த நேரத்தில் அவர் மனைவியும் மச்சானும் தையல் இயந்திரத்தைத் தூக்கி மறுபக்கச் சுவரோரம் வைத்துவிட்டார்கள். அங்கே வெளிச்சம் போதாது. ஒரு விளக்கு மாட்டிக்கொண்டாள்.

அக்கா வண்டி எடுக்க வந்தபோது நடந்ததை மறைக்காமல் சொன்னார். "அன்னைக்கு வெடுக்குன்னு பேசிட்டேன்கா. பாடாதது குழாய் இல்ல, என் காது."

"என் வீட்டுக்காரருக்கு ரெண்டு காதும் கேட்கும். இருந்தும் நான் சொன்னதை அவர் கேட்டதே கிடையாது தம்பி," என்றார் அக்கா. மச்சான் இப்போது அடக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அக்கா ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். ஒருமுறை இறங்கி வந்து, பின்னால் நின்று, இரண்டு குழாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மறுபடி ஏறிப் போனார். சத்தக்காரர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வண்டி நாற்சந்தியை எட்டிய பிறகு எந்தப் பக்கம் போகிறது என்று பிடிபடவில்லை. எதிரே நின்ற லாரி வேறு மறைத்தது.

"இடது பக்கம் திரும்பிட்டாங்களா, வலதா?" என்று, தெருவில் இறங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவியிடம் கேட்டார்.

"ரெண்டும் இல்ல. நேரா போறாங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, குழிக்குள் கிடந்த டார்ச்சை எடுக்க உள்ளே போனார்.