பிரச்சினை: இல்லை

வெற்றி பெறுவது எப்படி என்று படிப்பிக்கிற வேலை, அனேகமாக, நேரசூசியில் வேறு பாடம் கிடைக்காத ஆளின் தலையில்தான் வந்து விழும். மன்னாரில் ஒரு கல்லூரியில் அது என் தலையில் விழுந்தது. பாடத்தின் பெயர் ‘மாணவர் மேம்பாடு’. கூடவே, இரண்டாம் வருடப் பிள்ளைகளை முதலாம் வருடத்தாருக்கு மென்டராகப் பிடித்துக் கொடுப்பது, பின்தங்கியவர்களுக்கு உதவி வகுப்பு வைப்பது, சனிக்கிழமைகளில் சமூக சேவைக்குக் கூட்டிப்போவது எல்லாம் என் பொறுப்பு. இதே சுமையைத் தூக்குகிற ஆசிரியர்களே, உங்களுக்குச் சொல்லவே தேவையில்லை: நாங்கள் படிப்பிப்பதைவிடப் படிவம் நிரப்புவதுதான் கூட.

பச்சைப் படிவம்

ஒவ்வொரு மென்டரும் கிழமைக்கு ஒருதடவை தன் பிள்ளையைச் சந்தித்து ஒரு பச்சைப் படிவம் நிரப்பித் தரவேண்டும். படிவத்தைத் தயாரித்தது நான்தான். கடைசிக் கட்டத்துக்கு ‘பிரச்சினைகள்’ என்று பெயர் வைத்தேன். முதல் மாதம் அத்தனை பிள்ளைகளுக்கும் அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்றே எழுதி வந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் அழகாகக் கோத்துக் கல்லூரிக் கந்தோருக்குக் கொண்டுபோனேன். கிளாக்கர் சூசையண்ணை ஓய்வு பெற இருந்தவர், ஒருவருக்கும் பயமில்லாதவர். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

“மிஸ், மன்னாரிலை பிரச்சினை இல்லாத இடம் உங்கட பைல் ஒண்டுதான்.”

வயல் கணக்கு

என் மென்டர்களில் சுகந்தன் கெட்டிக்காரன். திருக்கேதீஸ்வரம் பக்கத்து வயல் குடும்பம். விடியப் புறப்பட்டு பஸ்ஸில் பாலம் தாண்டி வருவான். அவனுக்குக் கொடுத்த பிள்ளை அனிதா, கரையோரத்து மீனவக் குடும்பம். எல்லாப் பாடத்திலும் பரவாயில்லை, கணிதம் மட்டும் ஏற்கனவே ஒருமுறை கோட்டை விட்டிருந்தாள். இந்தத் தடவை பரீட்சை எழுதாவிட்டால் அவளுக்குக் கல்லூரியில் இடமே இல்லை. எழுதுவதற்கு நூற்றுக்கு எண்பது வீத வரவு வேண்டும்.

உதவி வகுப்பில் சுகந்தன் வீதம் படிப்பித்துக்கொண்டிருந்தான். நூறு அவணம் நெல் விதைத்தால், இத்தனை அவணம் வெள்ளத்தில் போனால் என்று ஒரு மணித்தியாலம் விதைத்தான், அழித்தான், திரும்ப விதைத்தான். அனிதா மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் மெல்ல வாய் திறந்தாள்.

“அண்ணா, எங்களுக்கு வயல் தெரியாது. நண்டிலை சொல்லுங்கோ.”

மூன்று கையெழுத்து

அதற்குப் பிறகு கணிதம் ஓடத் தொடங்கியது. பிறகு அனிதா வராமல் விட்டாள். எனக்கு அது தெரியவந்ததே, ஒருநாள் வரவுப் பதிவேட்டைப் பார்த்த சூசையண்ணை, இந்தப் பிள்ளை மூன்று கிழமையாக இல்லையே என்று கேட்டபோதுதான். அந்த மூன்று கிழமைப் பச்சைப் படிவங்களையும் எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் ‘தொடர்புகொண்டேன். பிரச்சினை: இல்லை.’

சுகந்தனைக் கூப்பிட்டு நன்றாக ஏசினேன். அவன் ஒளிக்கவில்லை. நேரில் காணாததால் ஒவ்வொரு கிழமையும் போனில் கேட்டிருக்கிறான். காய்ச்சல், வீட்டில் விசேஷம், வேறு பிரச்சினை இல்லை, வருகிற கிழமை வருவேன் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் ஏசுவதை நிறுத்தினேன், ஏனென்றால் அந்த மூன்று தாள்களின் அடியிலும் என் கையெழுத்து இருந்தது. வாசிக்காமல் வைத்த கையெழுத்து. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம்.

“நான் கேட்டனான் மிஸ். அவ இல்லை எண்டவ. நான் எழுதினனான்.”

கரை துப்புரவு

அந்தச் சனிக்கிழமை சமூக சேவையை வேண்டுமென்றே அனிதாவின் ஊருக்கு மாற்றினேன். பெயருக்குக் கடற்கரை துப்புரவு. சாக்குகளோடு இறங்கினால், முதலில் கண்ணில் பட்டது அவள்தான். வள்ளத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து வலையிலிருந்து நண்டு கழட்டிக்கொண்டிருந்தாள். தகப்பனின் கையில் திருக்கை மீன் முள் ஏறி, புண் பழுத்து, அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தாய் அவரோடு. சித்தப்பா கடலுக்குப் போய்வர, கரை வேலை முழுக்க இவள் தலையில். வள்ளம் வருகிற நேரமும் கல்லூரி பஸ் வருகிற நேரமும் ஒன்று.

இதைச் சொல்ல உனக்கு ஒரு வாய் இல்லையா என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அவள் நிமிராமல் பதில் சொன்னாள். என் அம்மாவும், யுத்தத்தில் இடம்பெயர்ந்த காலத்தில், அதையேதான் எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார். அதை மறந்துவிட்டு நான் கட்டம் போட்டுப் படிவம் அடித்திருக்கிறேன்.

“பேப்பரும் பேனையுமா வந்து ஆர் என்ன கேட்டாலும், ஒண்டுமில்லை எண்டு சொல்லு எண்டுதான் மிஸ் அம்மா எங்களை வளர்த்தவ.”

நண்டுக்கு வகுப்பு

சுகந்தன் சாக்கைக் கீழே போட்டுவிட்டு அவளுக்குப் பக்கத்தில் குந்தினான். முதல் நண்டே விரலைப் பிடித்துக்கொண்டது. எங்களோடு வந்தவர்களில் அந்தப் பக்கத்தில் வீடுள்ள நாலு பிள்ளைகள், தங்களுக்குக் காலை வகுப்பு இல்லாத நாளாகப் பார்த்து மாறிமாறி வந்து வலை கழட்டித் தருவதாக அங்கேயே பேசி முடித்தார்கள். அனிதா திங்கட்கிழமை பஸ் ஏறினாள். ஒரு வீட்டுக்குச் செய்கிற வேலை சமூக சேவையில் சேராது என்பது விதி. நான் அறிக்கையில் ‘கரையோர வேலை’ என்று எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமைகளில் சுகந்தனும் போனான். ஒரு நண்டைக் கழட்ட அவனுக்குப் பிடித்த நேரத்தில் மற்றவர்கள் ஒரு வலையை முடித்தார்கள். அனிதாவின் சித்தப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

“தம்பி, நண்டைக் கழட்டச் சொன்னா நீங்கள் அதுக்கு வகுப்பெல்லோ எடுக்கிறியள்.”

காரணம்

அப்படி ஓடியும் எண்பது வீதத்துக்கு வரவு ஒருநாள் குறைந்தது. அதிபர் இளகிய மனுசர்தான், ஆனால் சட்டம் சட்டம். விசேட அனுமதிக்குப் பிள்ளை தன் கைப்பட விண்ணப்பம் எழுதவேண்டும் என்றார். திரும்பவும் ஒரு படிவம். அதில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். என் அறையில் அனிதாவைக் கதிரையில் இருத்திப் படிவத்தை முன்னால் வைத்தேன். பேனையைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். ‘சுகவீனம்’ என்று எழுதிவிட்டு வெட்டினாள். நான் சொல்லச்சொல்ல எழுதட்டுமா என்றுகூட நினைத்தேன். பிறகு, நான் நின்றால் இவள் எழுதமாட்டாள் என்று விளங்கியது. தேத்தண்ணி குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே வந்தேன்.

தேத்தண்ணி குடிக்கவில்லை. விறாந்தையில் நின்று, கேற்றடியில் நின்ற கழுதைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு எழும்பிப் போய்விடுவாளோ என்று இரண்டு தடவை கதவடிவரை போய்த் திரும்பினேன். அரை மணித்தியாலம் கழித்துக் கதவு திறந்தது. கட்டம் நிறைந்து, ஓரமெல்லாம் நிறைந்து, தாளில் வெள்ளை இடமே இல்லை.

“மிஸ், பின்பக்கத்திலையும் எழுதலாமோ?”

அதிபர் இரண்டு பக்கத்தையும் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார், அனிதா பரீட்சை எழுதிக் கணிதத்தில் தேறினாள், மாணவர் மேம்பாட்டில் நான்தான் இன்னும் மீள்பரீட்சைக்கு நிற்கிறேன்.