மூடாமல் விட்ட சொக்கெட்

யுத்த காலத்தில், திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த ஒரு நிவாரண அலுவலகத்தில் கணினி வேலை பார்த்தனான். இடம்பெயர்ந்த குடும்பங்களின் பட்டியலைத் தினமும் கொழும்புக்கு அனுப்பும் புரோகிராம் என்னுடையது. பட்டியல் போய்ச் சேர்ந்தால்தான் உலருணவு லொறி கந்தளாய் தாண்டி வரும்.

தொலைபேசி லைன் அடிக்கடி செத்துப்போகும். கூரையில் தட்டு வைத்த செய்மதி இணைப்போ சும்மா கிடக்கும். நான் பாவித்த, வேறு ஆரோ எழுதிவைத்த ஆயத்த நிரலான லைப்ரரி, தரவு போகும் வாசலான சொக்கெட்டைத் தானே திறந்து, எப்போதும் தொலைபேசி லைனையே பிடித்தது. லைப்ரரியையே உடைத்துத் திருத்துவோம் என்று மூன்று கிழமை மல்லுக்கட்டினேன்.

அப்போதுதான் திரியாய் ஊர்ப் பெண் ஒருத்தி புதிதாக வேலைக்கு வந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். இரண்டாம் நாளே, "அண்ணா, இதை உடைக்கத் தேவையில்லை. சொக்கெட் திறக்கிற நேரம் நாங்கள் எழுதின ஃபங்ஷனைக் கூப்பிடச் சொல்லி லைப்ரரிக்குச் சொல்லலாம். கோல்பேக் எண்டு கையேட்டில கிடக்கு" என்றாள்.

பதினைந்து வரிதான் எழுதினாள். எங்கள் ஃபங்ஷன் செய்மதிப் பக்கமாக ஒரு சொக்கெட்டைத் திறந்து கொடுக்க, லைப்ரரி பேசாமல் வாங்கிக்கொண்டது. பட்டியல் போய்விட்டது. பொறுப்பதிகாரி எல்லாருக்கும் முன்னால் அவளைப் புகழ்ந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்தக் கையேடு ஒரு வருசமாக என் மேசையில் கிடந்தது.

பின்னேரம் வந்தாள். "மூடுறதுக்கும் ஒரு கோல்பேக் எழுதினனான். ஒருக்காப் பாருங்கோ."

பார்த்தேன். சொக்கெட்டை மூடியதாகக் குறிப்பு எழுதும் வரி இருந்தது. உண்மையில் மூடும் வரியை மறந்துவிட்டாள். இப்படியே விட்டால் திறந்த சொக்கெட்டுகள் சேர்ந்து சேர்ந்து, ஒருநாள் புதிதாக ஒன்றும் திறக்க ஏலாமல் போகும்.

"எல்லாம் சரி" என்றேன்.

அந்த நாளுக்காகக் காத்திருந்தேன் என்றே சொல்லவேணும். மூதூர்ச் சனம் திரளாக வந்திறங்கிய அன்று காலை அது வந்தது. பட்டியல் போகவில்லை. பொறுப்பதிகாரி அவளை ஏசினார். அவள் கண் கலங்கி, "அண்ணாவும் பார்த்தவர், சேர். பிழை வேற எங்கயோதான் இருக்கும்" என்றாள்.

வாசலில் கைக்குழந்தைகளோடு வரிசை நின்றது. என்னால் தாங்க முடியவில்லை.

"இல்லை. நான் அண்டைக்கே கண்டனான். சொல்லேல்லை."

நான் காட்டிய இடத்தில் அந்த ஒரு வரியைச் சேர்த்து, புரோகிராமைத் திருப்பித் தொடங்கினாள். பட்டியல் போனது. அன்றிலிருந்து என்னைச் சேர் என்று கூப்பிட்டாள். எதையும் பார்க்கத் தரவில்லை.

அடுத்த வருசம் அவளுக்குக் கொழும்பில் நல்ல வேலை கிடைத்தது. வாழ்த்தினேன். வாழ்த்தும்போதும் எரிச்சல் அப்படியேதான் இருந்தது.