மூன்றாம் ஞாயிற்றின் ஓலை

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஓலை என்றால் கல்யாண ஓலைதான். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் அறிவிக்கவும் என்று மூன்று ஞாயிறு பூசை முடிவில் வாசிப்போம். நாமக்கல் பக்கத்தில் சின்னப் பங்கு அது. முப்பது வருஷம் அங்கே சாமியாருக்கு உதவியாக, உபதேசியாராக இருந்து நான் வாசித்த ஓலைகளில் ஒன்றே ஒன்றுதான் கல்யாணத்துக்கானது அல்ல. பெருமை பாவம் என்று பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆனாலும் அந்த ஓலையைப் பற்றிப் பேச்செடுத்தால் நெஞ்சு தானாக நிமிர்ந்துகொள்கிறது. என்ன செய்ய?

இலங்கையில் சண்டை உச்சத்தில் இருந்த காலம். படகில் வந்த சனங்களை பஸ்களில் ஏற்றி மாவட்டத்துக்கு ஒரு முகாமாகப் பிரித்து அனுப்பினார்கள். எங்கள் ஊர் முகாமுக்கு வந்தவர்களுக்குத் தங்க வீடு பற்றவில்லை. மழை வேறு. பங்குச்சாமியார் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கோயில் ஹாலைத் திறந்துவிட்டார். மடத்து சிஸ்டர்கள் பால் காய்ச்சினார்கள், காயங்களுக்குக் கட்டுப் போட்டார்கள். கோயில் வாசலை மிதித்தே இராத வீடுகளிலிருந்தெல்லாம் அண்டாவில் சோறு வந்தது. அதுதான் எங்கள் ஊர்!

அந்தக் கூட்டத்தில் ஒரு தாய், இடுப்பில் ஆண்குழந்தையோடு இருந்தாள். புருஷன் ஷெல் குண்டு விழுந்து போய்விட்டான். ஏழு வயது மூத்த மகள், கடற்கரை நெரிசலில் பக்கத்து வீட்டுக்காரியோடு முதல் படகில் ஏறிவிட்டாள். தாய்க்கு நாலு நாள் கழித்துத்தான் படகு கிடைத்தது. அவள் கரை சேர்வதற்குள் முதல் படகில் வந்தவர்கள் ஏதோ ஒரு முகாமுக்குப் போய்விட்டார்கள். எந்தப் பட்டியலிலும் மகளின் பெயரில் பிள்ளை இல்லை. "பட்டியல்ல இல்லைன்னா கடல்லதான்" என்று ஒருவன் அவள் காதுபடவே சொன்னான். அவனை அறைந்துவிடலாமா என்று எனக்குக் கை துடித்தது.

"ஓலை வாசிக்கலாமுங்க உபதேசியாரே" என்றார் பங்குச்சாமியார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஓலை கல்யாணத்துக்குங்க சாமி. கண்டதுக்கெல்லாம் வாசிச்சா அப்புறம் ஓலைக்கு என்னங்க மரியாதை?"

"ஆளைத் தெரிஞ்சவங்க வந்து சொல்லட்டும்னுதானே ஓலை வாசிக்கறோம்? போய் எழுதுங்க."

எழுதினேன். ஞானஸ்நானப் பெயர், தகப்பன் பெயர், சொந்தப் பங்கு எல்லாம் போட்டு, மேற்றிராணியார், அதாவது பிஷப், அனுப்பும் கடிதம்போல கம்பீரமாக எழுதினேன். சுற்றுவட்டக் கோயில்களிலெல்லாம் வாசித்தார்கள். யாரும் வரவில்லை. தாய் என்னைத் தேடி வந்தாள்.

"மாஸ்டர், அந்தப் பேரைச் சொன்னால் ஆருக்குத் தெரியும்? அது எங்கட கோயில் புத்தகத்திலை மட்டும்தான் கிடக்குது. என்ரை பிள்ளையின்ரை வீட்டுப் பேரைச் சொல்லுங்கோ" என்று அந்தப் பெயரைச் சொன்னாள்.

அதை இங்கே எழுத மாட்டேன், அது அவர்கள் வீட்டுச் சொத்து. கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும், அவ்வளவுதான். பீடத்துக்கு முன்னால் நின்று நான் அதை வாசிப்பதா? முடியாது என்று சொல்லிவிட்டேன். இரண்டாம் ஞாயிறும் என் கம்பீர ஓலையையே வாசித்தேன். அவள் கதவோரம் உட்கார்ந்து, பூசை முடிந்து போகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் நிற்கவில்லை.

வீட்டில் என் மனைவி பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, உங்க இருமல், தும்மல், தொண்டைக் கனைப்பு எல்லாத்தையும் சாமி கேட்டுக்கிட்டுத்தான இருக்குது? ஒரு கொழந்தை பேரு மட்டும் ஆகாதாக்கும்? பெத்தவ வயிறு எரியுது, நீங்க மரியாதையைக் கட்டிக்கிட்டு அழுவறீங்க!"

எனக்கு மண்டையில் கொட்டியதுபோல இருந்தது. என் பிடிவாதத்தால் அந்தத் தாய்க்கு ஒரு ஞாயிறு வீணாகப் போயிருந்தது. அன்றைக்கே வீட்டுப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி நகல் எடுத்தேன். தூரத்து முகாம்களுக்குத் தபாலில் போட்டால் எப்போது சேருமோ? ஆனால் எங்கள் ஊரில் லாரிக்கா பஞ்சம்? திருநீறு பூசிய டிரைவரும் தொப்பி போட்ட டிரைவரும் ஆளுக்கு நாலு தாள் வாங்கி, கண்ணாடிக்கு மேலே செருகிக்கொண்டு கிளம்பினார்கள். "முகாம் பக்கத்துல கோயில் எங்கிருந்தாலும் குடுத்துப்போடறமுங்க" என்றார்கள். அடுத்த வீட்டு பாய், முட்டை லோடு ஏற்றிக்கொண்டு வேலூர் பக்கம் போனார்.

மூன்றாம் ஞாயிறு அந்தப் பெயரை வாசித்தேன். நாக்கு கொஞ்சம் தடுமாறியது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. பூசை முடிந்து கூட்டம் கலைந்தது. வழக்கம்போலத் தாய் கதவோரமே இருந்தாள். நான் பீடத்து மெழுகுவர்த்திகளை அணைத்துக்கொண்டிருந்தபோது பாயிடமிருந்து போன் வந்தது.

"உபதேசியாரே, புள்ள கெடச்சிருச்சுங்க! தாளைக் குடுத்தா பாக்கலாம்னு மெத்தனமா சொன்னாங்க. எனக்கு நம்பிக்கை இல்லை. லாரியை நிழல்ல போட்டுட்டு, வாசிக்கற வரைக்கும் கோயில்லயே பின்னால நின்னுட்டேன். பேரைப் படிச்சாங்க பாருங்க, முன்னால தரையில உக்காந்திருந்த புள்ளைங்கள்ல ஒண்ணு எந்திரிச்சு, 'ஓம், நான்தான்'னுச்சு. அவங்க பேச்சுல ஓம்னா ஆமாங்கறதுதானுங்க. இந்தா, பக்கத்துலதான் நிக்குது."

கதவோரம் ஓடி, "பிள்ளை கெடச்சிருச்சுங்க" என்று போனைத் தாயின் கையில் கொடுத்தேன். இருட்டுகிற நேரத்தில் முற்றத்தில் விளையாடும் பிள்ளையை வீட்டுக்குள் கூப்பிடுவார்களே, அப்படி அவள் அந்தப் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டாள். வாசிக்கவே கூடாதென்று நான் அடம்பிடித்த பெயர் கோயில் முழுக்க எதிரொலித்தது. நான் மெழுகுவர்த்திப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

தாய் ஏறிய படகு மூழ்கிவிட்டதாக யாரோ சொன்னதை நம்பி, பிள்ளையைத் தன்னிடமிருந்து பிரித்து எந்த ஹோமிலாவது போட்டுவிடுவார்களோ என்று பயந்து, பக்கத்து வீட்டுக்காரி தன் மகளென்று வேறு பெயரில் பதிந்திருந்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பங்குச்சாமியார் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி உத்தரவு வாங்கினார். சிஸ்டர் ஒருவர் நேரில் போய்ப் பிள்ளையைக் கூட்டிவந்தார். பாய் ஒரு தட்டு முட்டையோடு அவளைப் பார்க்க வந்தார்.

அந்தப் பிள்ளை இப்போது மடத்துப் பள்ளியில் டீச்சர். இந்த வருஷம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இருந்தாலும் இந்த ஓலையை வேறு எவனும் தொடக் கூடாது என்று புது உபதேசியாரிடம் சண்டை போட்டு வாங்கினேன். முதல் இரண்டு ஞாயிறும் ஞானஸ்நானப் பெயரை முறையாக வாசித்தேன். மூன்றாம் ஞாயிறு, தாளில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன். "வீட்டில் இன்ன பெயரால் அழைக்கப்படும்" என்று அந்தப் பெயரைத் தடுமாறாமல் சொன்னேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து அவள் எழுந்து நின்றாள். "ஓம், நான்தான்" என்றாள்.

கோயிலே சிரித்தது. அவளுடைய அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எட்டி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, பூசை முடிந்து எல்லோரும் வெளியே போகும்வரை விடவில்லை.